எத்தனை பேர், ஏன்: மருத்துவத் தரவுத்தளங்களில் ஆய்வுகளைத் தேடும் முறை

நர்சிங், பிசியோதெரபி, பொதுச் சுகாதாரம் என்று எந்தப் படிப்பில் இருந்தாலும் ஒரு கட்டத்தில் இந்த வேலை வந்து சேரும்: உங்கள் தலைப்பில் அளவுசார் ஆய்வுகள் சில, பண்புசார் ஆய்வுகள் சில தேடிக் கொண்டு வாருங்கள். கல்லூரியில் குவான்டிடேட்டிவ், குவாலிடேட்டிவ் என்று சொல்வது இவற்றைத்தான்: முதலாவது எண்களால் அளப்பது, இரண்டாவது மக்களின் அனுபவத்தையும் காரணங்களையும் கேட்டறிவது. பலரும் கூகுளில் தலைப்பை அப்படியே டைப் செய்து, முதல் பக்கத்தில் வந்ததை எடுத்துக்கொள்கிறார்கள். ஏதோ கிடைத்துவிடும். ஆனால் கிடைத்தது எந்த வகை, எவையெல்லாம் கண்ணில் படாமல் போயின என்று கேட்டால் பதில் இருக்காது.

இரண்டு வகையையும் ஒரே மாதிரி தேடுவதுதான் இதில் பெரிய சிக்கல். தரவுத்தளங்களில் மருந்துச் சோதனைகளைப் பிரித்தெடுக்கும் வசதிகள் நன்றாக இருக்கின்றன. இரண்டு மூன்று சொடுக்குகளில் வந்து நிற்கும். நோயாளிகள் சொன்னதைக் கேட்டு எழுதிய ஆய்வுகளையோ நாம்தான் துருவி எடுக்க வேண்டும். அதனால் இந்தக் கட்டுரையில் இரண்டாவதற்குத்தான் அதிக இடம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு தலைப்பை வைத்துக்கொண்டு கடைசி வரை போவோம்: காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் நடுவில் நிறுத்திவிடுவது.

முதலில் கேள்வியைப் பிரியுங்கள்

இந்தத் தலைப்பை எடுத்ததற்குக் காரணம் உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் ஒரு சோதனை நடத்தியது. இன்று அந்த மையம்தான் சென்னைச் சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் வைத்தும் மற்றவர்களுக்கு வீட்டில் இருந்தபடியும் ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். முடிவு 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்கள் வறுமையிலும் நெருக்கடியான வீடுகளிலும் வாழ்ந்தவர்கள். அப்படியிருந்தும் குணமான விகிதத்தில் இரு பகுதியினருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்களின் தேவையைக் குறைத்த ஆய்வுகளில் இது முக்கியமானது. கச்சிதமான அளவுசார் ஆய்வு: இரண்டு குழு, ஒரு அளவுகோல், ஒப்பீடு.

வீட்டில் இருந்து மருந்து சாப்பிடலாம் என்றானதும் அடுத்த கேள்வி எழுந்தது. ஒழுங்காகச் சாப்பிடுவார்களா? சுகாதார ஊழியர் கண்ணெதிரே விழுங்க வைக்கும் டாட் முறை பரவியது. அது உண்மையில் பலன் தருகிறதா என்று சோதித்த ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2015இல் வந்தது. நோயாளி தானாகச் சாப்பிடுவதோடு ஒப்பிட்டால், பார்த்து விழுங்க வைப்பது மட்டும் குணமாகும் விகிதத்தைப் பெரிதாகக் கூட்டவில்லை என்றது அது.

சரி, அப்படியானால் ஏன் விடுகிறார்கள்? இந்த ஏன் என்ற கேள்விக்குக் குலுக்கல் முறைச் சோதனை பதில் சொல்லாது. 2007இல் பிளாஸ் மெடிசின் ஜர்னலில் 44 பண்புசார் ஆய்வுகளைத் தொகுத்து ஒரு மதிப்பாய்வு வந்தது. உடம்பு தேறியதும் போதும் என்று நினைப்பது, மருந்தின் பக்க விளைவு, வேலைக்கும் சிகிச்சைக்கும் இடையே தவிப்பது, ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம், குடும்பத்தின் ஆதரவு, ஊழியர்கள் நடத்தும் விதம் என்று நோயாளிகளின் வாயிலிருந்தே வந்த காரணங்கள் அதில் இருக்கின்றன.

உங்கள் கேள்வியையும் இப்படிப் பிரித்து ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை பேர், எவ்வளவு, எது மேல், எதோடு எது தொடர்பு என்று கேட்டால் அளவுசார் ஆய்வு வேண்டும். எப்படி உணர்கிறார்கள், ஏன் செய்கிறார்கள், எதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று கேட்டால் பண்புசார் ஆய்வு வேண்டும். இரண்டும் வேண்டுமென்றால் தேடலும் இரண்டு.

அளவுசார் கேள்வியைப் பீகோ என்ற சட்டகத்தில் பிரிப்பது வழக்கம்: யார், என்ன சிகிச்சை, எதோடு ஒப்பீடு, என்ன விளைவு. பண்புசார் கேள்வியில் ஒப்பீடும் கிடையாது, முன்கூட்டித் தீர்மானித்த விளைவும் கிடையாது. அதற்கு யார், எந்த அனுபவம், எந்தச் சூழல் என்ற மூன்று போதும். ஸ்பைடர் என்று இன்னொரு சட்டகம் 2012இல் அறிமுகமானது. அது ஆய்வு வடிவமைப்பையும் ஆய்வு வகையையும் தேடலுக்குள் கொண்டுவருகிறது. தேவையில்லாதது குறையும், ஆனால் தேவையானவையும் சில நழுவும் என்று 2014இல் வந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. நேரம் குறைவாக இருந்தால் ஸ்பைடர் நல்லது. ஆய்வேட்டுக்கான முழுத் தேடல் என்றால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

எங்கே தேடுவது

பப்மெட் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் இலவசத் தளம். யாரும், எங்கிருந்தும் பயன்படுத்தலாம். தொடங்குகிறவர்கள் இங்கேதான் பழக வேண்டும். சினால் நர்சிங்குக்கும் அதைச் சார்ந்த துறைகளுக்கும் உரியது. பண்புசார் ஆய்வுகளைத் தேட, என்னைக் கேட்டால் முதல் இடம் இதற்குத்தான். சைக்இன்ஃபோ உளவியலுக்கு. எம்பேஸ் மருந்துகளுக்கு. இந்த மூன்றுக்கும் சந்தா வேண்டும். கல்லூரி நூலகத்தில் எது இருக்கிறது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இலங்கையில் படிப்பவர்கள் தங்கள் நிறுவனத்துக்கு ஹினாரி என்ற, வருமானம் குறைந்த நாடுகளுக்கு மருத்துவ இதழ்களைத் தரும் திட்டத்தில் இணைப்பு இருக்கிறதா என்று நூலகரிடம் விசாரியுங்கள்.

காக்ரேன் நூலகத்தில் சென்ட்ரல் என்ற பகுதி முழுக்க மருத்துவச் சோதனைகளின் பட்டியல். பண்புசார் ஆய்வை அங்கே தேடி அலைய வேண்டாம். ஆனால் 2013 முதல் காக்ரேன் பண்புசார் ஆய்வுகளின் தொகுப்புகளையும் வெளியிடுகிறது. உங்கள் தலைப்பில் அப்படி ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்காக ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007இல் நாடு முழுமைக்கும் காக்ரேன் சந்தா கட்டியது, அதனால் நூலகத்தில் கேட்காமலேயே ஒருமுறை திறந்து பாருங்கள்.

கூகுள் ஸ்காலர்? கடைசியில் வாருங்கள். தலைப்பு தெரிந்த கட்டுரையைக் கண்டுபிடிக்கவும் முழுக் கட்டுரை எங்கே இலவசமாகக் கிடக்கிறது என்று பார்க்கவும் அதைப் போல வேறில்லை. ஆய்வு வகையைப் பிரிக்க அதில் வசதி இல்லை.

சொற்களைச் சேர்ப்பது

தேடல் பெட்டியில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் டைப் செய்யப் போகிறீர்கள். இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். நம் தலைப்பில் இரண்டு கருத்துகள்: ட்யூபர்குளோசிஸ், மருந்தை விடுவது. முதலாவது எளிது. இரண்டாவதுக்கு எத்தனை பெயர்கள் என்று பாருங்கள்.

முன்பு எல்லாரும் கம்ப்ளையன்ஸ் என்று எழுதினார்கள். மருத்துவர் சொன்னபடி நடப்பது என்ற தொனி அதில் இருப்பதால் பிறகு அட்ஹியரன்ஸ் என்று மாறினார்கள். மருந்தை விட்டவரை டிஃபால்டர் என்று காசநோய்த் திட்டத்தில் சொல்லிவந்தார்கள். 2013இல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிட்டு லாஸ்ட் டு ஃபாலோ-அப் என்ற பெயரைக் கொண்டுவந்தது. இது தெரியாமல் அட்ஹியரன்ஸ் என்று மட்டும் தேடினால் பழைய ஆய்வுகள் பெரும்பகுதி வராது. டிஃபால்ட் என்று மட்டும் தேடினால் புதியவை வராது. எந்தத் தலைப்பை எடுத்தாலும் இப்படி ஒரு பெயர் மாற்றம் இருக்கும். தேடலில் செலவிடும் நேரத்தில் பாதியை இதற்கே கொடுத்தாலும் தப்பில்லை.

இணைப்பதற்கு மூன்று ஆங்கிலச் சொற்கள்: ஆர் (அல்லது), ஆண்ட் (மற்றும்), நாட் (தவிர). பப்மெட்டில் இவற்றைப் பெரிய எழுத்தில் டைப் செய்ய வேண்டும். ஒரே கருத்தின் வெவ்வேறு பெயர்களை ஆர் போட்டு ஓர் அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டும். கருத்துக்கும் கருத்துக்கும் நடுவே ஆண்ட். நாட் வேண்டவே வேண்டாம். தொடங்குகிறவர்கள் அதைப் போட்டால் நல்ல ஆய்வுகளும் சேர்ந்து காணாமல் போகும். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களையும் விட்டவர்களையும் ஒப்பிடும் கட்டுரையில் இரண்டு சொற்களுமே இருக்குமல்லவா?

சொல்லின் வேரோடு நட்சத்திரக் குறி போட்டால் அதன் எல்லா வடிவங்களும் வரும். அட்ஹியரன்ஸ் என்பதன் ஆங்கில எழுத்துகளில் கடைசி இரண்டை எடுத்துவிட்டு * போடுங்கள். அட்ஹியரன்ட் என்பதும் சேர்ந்து வரும். பப்மெட்டில் குறிக்கு முன்னால் குறைந்தது நான்கு எழுத்துகள் இருக்க வேண்டும். முன்னால் மறுப்பைக் குறிக்கும் ‘நான்’ என்ற ஆங்கில ஒட்டைச் சேர்த்து இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக எழுதுகிறவர்களும் உண்டு. நட்சத்திரம் சொல்லின் பின்பக்கத்தை மட்டுமே பார்க்கும், அதனால் அந்த வடிவத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

பப்மெட்டில் படிப்படியாக

முதலில் மெஷ் தளத்துக்குப் போங்கள். பப்மெட் முகப்பிலேயே இணைப்பு இருக்கிறது. மெஷ் என்பது கட்டுரைகளுக்குப் பொருள்வாரியாக ஒட்டும் தலைப்புகளின் பட்டியல். ஆசிரியர் எந்தச் சொல்லில் எழுதியிருந்தாலும் பொருள் ஒன்றானால் தலைப்பும் ஒன்று. நம் தேடலுக்கு ட்யூபர்குளோசிஸ், மெடிகேஷன் அட்ஹியரன்ஸ், பேஷன்ட் கம்ப்ளையன்ஸ், டைரக்ட்லி அப்சர்வ்டு தெரபி ஆகிய தலைப்புகள் பயன்படும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எந்த ஆண்டில் சேர்ந்தது என்று போட்டிருப்பார்கள். மெடிகேஷன் அட்ஹியரன்ஸ் 2009இல் சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆய்வுகளைப் பேஷன்ட் கம்ப்ளையன்ஸ் தலைப்பில் தேட வேண்டும்.

மெஷ் மட்டும் போதாது. பப்மெட்டில் உள்ள எல்லாக் கட்டுரைக்கும் மெஷ் தலைப்பு கிடையாது; 2022 முதல் தலைப்பு ஒட்டும் வேலையைக் கணினியே செய்கிறது, அதிலும் தவறுகள் வரும். அதனால் நீங்கள் சேர்த்த சாதாரணச் சொற்களையும் ஆர் போட்டு மெஷ்ஷோடு சேருங்கள். சொல்லுக்குப் பின்னால் சதுர அடைப்புக்குள் டி, ஐ, ஏ, பி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைப் போட்டால் கட்டுரையின் தலைப்பிலும் அப்ஸ்ட்ராக்ட் என்ற சுருக்கத்திலும் ஆசிரியர் தந்த கீவேர்டுகளிலும் மட்டும் தேடும்.

ஒரே மூச்சில் நீளமாக டைப் செய்யாதீர்கள். அட்வான்ஸ்டு பக்கத்தைத் திறந்து முதல் கருத்தைத் தனியாகத் தேடுங்கள், இரண்டாவதைத் தனியாக. இரண்டும் கீழே வரலாற்றில் எண்ணோடு நிற்கும். பிறகு ஒன்றையும் இரண்டையும் ஆண்ட் போட்டு இணையுங்கள். எங்கே தவறு நடந்தது என்று இப்படிச் செய்தால்தான் கண்டுபிடிக்க முடியும். டீட்டெயில்ஸ் என்ற அம்பைச் சொடுக்கினால் நீங்கள் டைப் செய்ததைப் பப்மெட் எப்படிப் புரிந்துகொண்டது என்று காட்டும். அதைப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால் தேடல் கைவந்த மாதிரிதான்.

அளவுசார் ஆய்வைப் பிரிப்பது இதற்கு மேல் சுலபம். இடது பக்கத்தில் ஆர்ட்டிகிள் டைப் பட்டியலில் ரேண்டமைஸ்டு கன்ட்ரோல்டு ட்ரையல் என்பதைத் தட்டுங்கள். தொகுப்பு வேண்டுமென்றால் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ. பப்மெட் கிளினிக்கல் குவரீஸ் என்ற பக்கத்தில் சிகிச்சை, நோய் கண்டறிதல், நோயின் காரணம், நோயின் போக்கு என்று கேள்வி வகைப்படி தயாரான ஃபில்டர்கள் இருக்கின்றன. பிராட் என்றால் நிறைய வரும், நேரோ என்றால் குறைவாக, பொருத்தமாக வரும். கோஹார்ட் (ஒரு குழுவைத் தொடர்ந்து கவனிப்பது), கேஸ் கன்ட்ரோல் (நோய் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிடுவது), கிராஸ் செக்ஷனல் (ஒரே நேரத்தில் எடுக்கும் கணக்கு) ஆய்வுகள் வேண்டுமென்றால் அந்தச் சொற்களையே மூன்றாவது கருத்தாகச் சேருங்கள். ஒரு எச்சரிக்கை: மனிதர்களைப் பற்றிய ஆய்வுகளை மட்டும் காட்டும் ஹ்யூமன்ஸ் ஃபில்டரைத் தட்டினால் மெஷ் ஒட்டாத கட்டுரைகள் எல்லாம் மறைந்துவிடும். மாணவர்கள் யோசிக்காமல் தட்டுவது இதைத்தான்.

பண்புசார் ஆய்வுகளைத் துருவுவது

இப்போது அந்த இடது பக்கத்தில் குவாலிடேட்டிவ் என்ற பெட்டியைத் தேடுங்கள். வழக்கமாகத் தெரியும் பட்டியலில் அது இருக்காது. குவாலிடேட்டிவ் ரிசர்ச் என்ற மெஷ் தலைப்பு வந்ததே 2003இல்தான். அதற்கு முன் வந்த ஆய்வுகள் இன்டர்வியூஸ், ஃபோகஸ் குரூப்ஸ், நர்சிங் மெத்தடாலஜி ரிசர்ச் என்று பல தலைப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. போதாததற்கு, பண்புசார் ஆய்வு எழுதுகிறவர்கள் பலர் நோயாளி சொன்ன ஒரு வாசகத்தையே தலைப்பாக வைத்துவிடுகிறார்கள். படிக்க மனதைத் தொடும், தேடுகிறவருக்கு எட்டாது.

தாய்ப்பால் கொடுப்பதற்கான ஆதரவு குறித்த பண்புசார் ஆய்வுகளைத் தேடி, 2004இல் பி.எம்.சி. மெடிக்கல் ரிசர்ச் மெத்தடாலஜி இதழில் ஒரு சோதனை வெளிவந்தது. பொருள் தலைப்புகள், ஆய்வு முறையைக் குறிக்கும் விரிவான சொற்பட்டியல், மிகப் பொதுவான சில சொற்கள் என்று மூன்று வழிகளில் தேடிப் பார்த்தார்கள். மொத்தம் 7420 பதிவுகள் வந்தன, பொருந்தக்கூடியவை 262. ஒவ்வொரு வழியும் மற்ற இரண்டில் வராத சிலவற்றைக் கொடுத்தது. இதிலிருந்து நமக்குத் தெரிவது இரண்டு: மூன்று வழியையும் ஆர் போட்டுச் சேர்க்க வேண்டும், நிறையக் குப்பை வரும் என்று தயாராக இருக்க வேண்டும்.

நம் தேடலில் மூன்றாவது கருத்தாக இதைச் சேருங்கள்: குவாலிடேட்டிவ் ரிசர்ச், இன்டர்வியூஸ் ஆஸ் டாபிக், ஃபோகஸ் குரூப்ஸ் என்ற மெஷ் தலைப்புகள், கூடவே சாதாரணச் சொற்களாகக் குவாலிடேட்டிவ், இன்டர்வியூ, ஃபோகஸ் குரூப், தீமாட்டிக் அனாலிசிஸ், கிரவுண்டட் தியரி, ஃபினாமினாலஜி, எத்னோகிராஃபி, லிவ்டு எக்ஸ்பீரியன்ஸ், பெர்செப்ஷன். எல்லாம் ஆர். இரண்டு சொற்கள் கொண்டதை மேற்கோள் குறிக்குள் வையுங்கள்.

சினாலில் வேலை குறையும். அதில் குவாலிடேட்டிவ் ஸ்டடீஸ் என்ற தலைப்பின் கீழே எத்னோகிராஃபி, கிரவுண்டட் தியரி, ஃபினாமினாலஜி போன்ற உட்பிரிவுகள் அடுக்கியிருக்கும். எக்ஸ்ப்ளோட் என்பதைத் தட்டினால் எல்லாம் சேர்ந்து வரும். கிளினிக்கல் குவரீஸ் வரம்பில் குவாலிடேட்டிவ் என்பதற்கே மூன்று நிலைகள் உண்டு: நிறைய வர ஒன்று, குறிபார்த்து வர ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒன்று. நடுவில் உள்ள பெஸ்ட் பேலன்ஸ் முதல் தேடலுக்குச் சரியாக இருக்கும். சைக்இன்ஃபோவில் மெத்தடாலஜி என்ற பட்டியலிலேயே குவாலிடேட்டிவ் ஸ்டடி, குவான்டிடேட்டிவ் ஸ்டடி என்று தனித்தனியாக இருக்கும், தட்டினால் போதும். எல்லாத் தளமும் இப்படி இருந்திருக்கலாம்!

வந்ததைச் சலிப்பது

ஃபில்டர் சொன்னதை அப்படியே நம்பாதீர்கள். அப்ஸ்ட்ராக்டில் மெத்தட்ஸ் பகுதியைப் படித்தால்தான் வகை தெரியும். எத்தனை பேர் என்ற எண்ணிக்கை பெரிதாக இருக்கிறதா, விகிதம், பி மதிப்பு, நம்பிக்கை இடைவெளி வருகிறதா? அளவுசார் ஆய்வு. பத்து முப்பது பேரோடு ஆழமான நேர்காணல், பர்ப்பசிவ் சாம்பிளிங் (தேவைக்கேற்ப ஆட்களைத் தேர்ந்தெடுப்பது), சாச்சுரேஷன் (புதிதாக எதுவும் வராத நிலை), தீம்ஸ் (கருப்பொருள்கள்) என்று வருகிறதா? பண்புசார் ஆய்வு.

ஏமாற்றும் சொற்கள் மூன்றைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது இன்டர்வியூ. வினாத்தாளை வாசித்துக் காட்டி ஆம், இல்லை என்று குறித்துக்கொள்வதையும் இன்டர்வியூ என்றுதான் எழுதுவார்கள். அது அளவுசார் ஆய்வு. எண்ணிக்கை இருநூறு முந்நூறு என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். இரண்டாவது குவாலிடேட்டிவ் என்ற சொல்லே. ஆய்வகத்தில் ஒரு மூலிகையில் என்ன பொருள் இருக்கிறது என்று பார்ப்பதற்கும் குவாலிடேட்டிவ் அனாலிசிஸ் என்று பெயர். அதில் நோயாளி யாரும் இல்லை. மூன்றாவது எக்ஸ்பீரியன்ஸ். எங்கள் மருத்துவமனையில் ஐம்பது அறுவை சிகிச்சைகளின் அனுபவம் என்ற பாணியில் வரும் தலைப்பில் பேசுவது அறுவை மருத்துவர்; நோயாளியின் அனுபவம் அதில் கிடைக்காது.

இரண்டையும் சேர்த்துச் செய்யும் மிக்ஸ்டு மெத்தட்ஸ் ஆய்வுகளைத் தூக்கிப் போட வேண்டாம். தனியாக ஒரு கோப்பில் வைத்துவிட்டு வழிகாட்டி ஆசிரியரிடம் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று கேளுங்கள். கல்லூரிக்குக் கல்லூரி இதில் வழக்கம் மாறும்.

தேடலுக்குப் பிறகு

நல்ல கட்டுரை ஒன்று கிடைத்ததும் அதை வைத்து முன்னும் பின்னும் போங்கள். அதன் கடைசியில் உள்ள பட்டியல் பழையவற்றைத் தரும். சைட்டட் பை என்பது அதற்குப் பின் வந்தவற்றைத் தரும். சிமிலர் ஆர்ட்டிகிள்ஸையும் பாருங்கள். பண்புசார் ஆய்வுகளில் தேடல் சொற்களுக்குச் சிக்காதவை பல இந்த வழியில்தான் வந்து சேரும். நான் சொன்ன 2007 மதிப்பாய்வின் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டாலே 44 ஆய்வுகள் கையில் இருக்கின்றன, அதற்குப் பிந்தியவற்றை மட்டும் நீங்கள் தேடினால் போதும்.

ஒரு நோட்டில் அல்லது எக்செல்லில் நான்கு விஷயம் எழுதி வையுங்கள்: தேதி, எந்தத் தளம், என்ன சொற்கள், எத்தனை வந்தன. பிறகு மெத்தட்ஸ் அத்தியாயத்தில் இது அப்படியே தேவைப்படும். பப்மெட்டில் இலவசக் கணக்கு திறந்தால் தேடலைச் சேமித்து வைக்கலாம், புதிய கட்டுரை வந்தால் மின்னஞ்சலும் வரும். கட்டுரைகளை அடுக்க ஸோட்டரோ இலவசம்.

முழுக் கட்டுரை பூட்டிக் கிடந்தால் முதலில் முழுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரலில் பாருங்கள், பிறகு கூகுள் ஸ்காலரில் ஆல் வெர்ஷன்ஸ் என்பதைத் தட்டுங்கள். அங்கேயும் இல்லையென்றால் அப்ஸ்ட்ராக்டில் தொடர்புக்கான ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கிறதா என்று பாருங்கள். நான் இன்ன கல்லூரி மாணவி, இன்ன தலைப்பில் படிக்கிறேன், உங்கள் கட்டுரையின் பிரதி கிடைக்குமா என்று இரண்டே வரியில் எழுதினால் போதும். தங்கள் ஆய்வை யாராவது படிக்கக் கேட்டால் அனுப்பிவைக்கும் ஆசிரியர்கள் நிறைய உண்டு.